சனி ஞாயிறு மலைநாடன்

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஏலமலைகளின் கிழக்கு அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ள போடிநாயக்கனூரில், சனிக்கிழமை காலையில் தோன்றி ஞாயிற்றுக்கிழமை இரவில் மறைந்துவிடும் மாந்த வகையினர் ஒருவர் உண்டு. சங்க இலக்கியத்துக் குறிஞ்சித் தலைவனுக்குரிய பட்டத்தைக் கடன் வாங்கி அவரைச் 'சனி ஞாயிறு மலைநாடன்' என்று குறிப்பிடுவது பொருந்தும். அகப்பொருள் இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளையும், தெய்வம் உணவு முதலான கருப்பொருளையும், அந்நிலத்து மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருளையும் வகுத்துரைக்கும். இவருக்கும் இம்மூன்றும் குறைவின்றி அமைந்துள்ளன. நிலம் மலையும் மலைசார்ந்த இடமும். பொழுது சனியும் ஞாயிறும். தெய்வம் கைப்பேசிக் கோபுரம். உணவு, வாசலிலேயே கிடைக்கும் இட்லியை ஒதுக்கிவிட்டு ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சிப்ஸ் பொட்டலம். உரிப்பொருள் மட்டும் தொல்காப்பியர் அறியாதது: அதனை 'இளைப்பாறுதல்' என்று மலைநாடரே கூறுகிறார். அதற்காக அவர் படும் பாட்டைப் பார்த்தவர்கள், அலுவலகத்தில் அவர் ஐந்து நாளும் பார்ப்பதுதான் ஓய்வு என்ற முடிவுக்கு வரக்கூடும்.

இவ்வகையினர் பெருகியதற்குத் தொடர்வண்டித் துறையும் ஒரு காரணம். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் போடப்பட்ட மீட்டர்கேஜ் பாதை 2010-ஆம் ஆண்டின் முடிவோடு மூடப்பட்டு, அகலப்பாதைப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மீண்டும் பயணிகள் வண்டி வந்தது. அன்று தொடங்கிய சென்னை வண்டிக்குச் சென்ட்ரலிலிருந்து திங்கள், புதன், வெள்ளி இரவுகளும் போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகளும் புறப்பாட்டு நாட்களாக அமைந்தன. இவற்றுள் வெள்ளியும் ஞாயிறும் மலைநாடரின் விடுப்புக் கணக்கை எவரோ பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் குறித்தவை போன்றிருக்கும். வண்டியிலிருந்து அவர் இறங்கும் காட்சி தனித்தன்மை வாய்ந்தது. மலை என்றால் குளிர் என்பது அவருடைய கொள்கையாதலால், வெயில் ஏறிவிட்ட நடைமேடையில் அவர் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயும் அணிந்து நிற்பார். போடி மலைமேல் இல்லை, மலையின் காலடியில் இருக்கிறது என்பதையும், தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தையே இப்பக்கம் அனுப்புவதால் ஊர் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் என்பதையும் வியர்வைதான் அவருக்கு முதலில் உணர்த்தும். ஆயினும் குல்லாய் கழற்றப்படுவதில்லை. புகைப்படம் ஒன்று எடுக்க வேண்டியுள்ளது.

அடுத்து அவர் தேநீர்க் கடைக்குச் சென்று, ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர் என்னும் நம்பிக்கையில், "அண்ணே, ஏலக்காய் டீ ஒண்ணு" என்பார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இஞ்சி டீ இருக்கு சார்" என்பார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், மலைக்கு அப்பால் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலங்களில்தான் இந்நாட்டு ஏலக்காயின் விலை பெரும்பாலும் தீர்மானமாகிறது. வணிகர்கள் கணினிமுன் அமர்ந்து, மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, உடைத்து, முகர்ந்து, விசையை அழுத்துவர். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலைப் பொருளைக் குவளைதோறும் தட்டிப் போடுவதற்குக் கடைக்காரர் ஜமீன்தார் அல்லர்.

மலையேற்றம் இதற்குப் பின்னர் தொடங்குகிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரை, அதாவது தமிழகமும் கேரளமும் சந்திக்கும் கணவாய் உச்சி வரை, கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஊசிபோல் மடிந்து திரும்பும் இவ்வளைவுகளை எண்ணிக்கொண்டே செல்வதை மலைநாடர் கடமையாகக் கொண்டுள்ளார். ஆனால் நான்காவதில் படம் எடுக்கவும் ஏழாவதில் வயிற்றைப் புரட்டவும் நேர்வதால் அவருடைய எண்ணிக்கை ஒருபோதும் சாலையின் எண்ணிக்கையோடு ஒத்துவருவதில்லை. வளைவின் வெளிவிளிம்பில், அதுவும் எதிரே வருவது தெரியாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவது அவருடைய மற்றொரு வழக்கம். அதே சாலையில், பொழுது விடிவதற்கு முன்பே, தூக்குவாளியும் மழைக்காகிதமும் மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கியவாறு பெண்கள் ஜீப்புகளில் மேலேறியிருப்பர். கேரளப் பகுதித் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு மாலையில் இதே வளைவுகளில் இறங்கி வீடு சேரும் இவர்களுடைய கால அட்டவணைக்கும் மலைநாடரின் படப்பிடிப்புக்கும் பதினேழு இடங்களில் மோதல் நேர வாய்ப்பிருக்கிறது. நிழல், ஈரம், குளிர் மூன்றும் வேண்டும் பயிராகிய ஏலம் பெரும்பாலும் மெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் வளர, அதைப் பறிக்கும் கைகளும் வாங்கி விற்கும் பணமும் போடிப் பக்கத்திலிருந்து ஏறி இறங்குவதே இம்மலையின் பொருளியல். மலைநாடர் கண்ணில் படுவது மூடுபனி ஒன்றுதான்.

ஏலத்தோட்டத்திற்குள் அவர் நுழைந்தபின் நடப்பதுதான் இவ்வகையினரைப் பற்றிய ஆராய்ச்சிக்குச் சிறந்த களம். ஏலக்காய் மரத்தில் காய்க்கும் என்று உறுதியாக நம்பும் அவர், முதலில் பலாவையும் சந்தன வேம்பையும் அண்ணாந்து பார்ப்பார். அவை நிழலுக்காக விடப்பட்டவை. செடி எது என்று காட்டிய பிறகும், இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் உறவான அச்செடியின் ஆளுயரத்தைத் தாண்டிய இலைகளுக்கிடையே கழுத்து வலிக்கத் தேடுவார். காயோ செடியின் தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரங்களில், பெரும்பாலும் அவருடைய புதிய காலணிக்கு அடியிலேயே, இருக்கும். பறிக்கும் பெண் குனிந்து, இலைச்சருகை ஒரு கையால் விலக்கி, சரத்தை நிமிர்த்தாமலேயே முற்றிய காயை மட்டும் விரல்நுனியால் கிள்ளி, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவைப்பார். முற்றியது எது, பிஞ்சு எது என்பதை அவர் கண் சொல்லுமுன் விரல் சொல்லிவிடும். "சார், கொஞ்சம் காலை எடுங்க" என்பதே மலைநாடர் அத்தோட்டத்தில் பெறும் வேளாண் கல்வி முழுவதும். பறித்த காய் 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் மிதமான சூட்டில் பச்சை நிறம் மாறாமல் உலர்த்தப்பட்டு, ஐந்து கிலோ ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கி, போடிக்கு வந்து சல்லடைகளில் மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கப்படும் வரலாற்றைக் கேட்க அவருக்கு நேரமில்லை. சூரிய உதயம் காத்திருக்கிறது.

அவ்வுதயம் கொழுக்குமலையில் நிகழ்வது. இவ்விடம் நிர்வாகத்தில் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போவதானால் போடிமெட்டு ஏறி, கேரளத்திற்குள் புகுந்து, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி சென்று, அங்கிருந்து ஜீப்பில் எலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று விழும் கரடுமுரடான தடத்தில் மீண்டும் தமிழகத்திற்குள் வரவேண்டும். சொந்த வீட்டின் பின்கட்டுக்குப் பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போவது போன்ற இந்த ஏற்பாட்டை மலைநாடர் 'சாகசம்' என்று வழங்குவார். குரங்கணியிலிருந்து நடந்து ஏறும் பாதையும் உண்டு. 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்த பின்னர், வனத்துறையின் அனுமதி பற்றிய பேச்சு எவருக்கும் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. இருட்டிலேயே எழுப்பப்பட்டு, உடல் நடுங்க உச்சியில் நிற்கும் மலைநாடருக்கு முன்னால் மேகம் ஒன்று வந்து அமர்ந்துகொள்ளும். பணம் கொடுத்த உதயம் எங்கே என்ற தோரணையில் அவர் ஓட்டுநரை நோக்க, ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "மேகம் எறங்கிருச்சுன்னா நான் என்ன சார் செய்ய?" என்பார். முன்னர் அணிந்த அதே கம்பளிச் சட்டையை இப்போது மலைநாடர் பெட்டியில் வைத்துப் பூட்டி அறையிலேயே விட்டு வந்திருப்பார் என்பது இவ்வகையினரின் மாறா இயல்பு.

குறிஞ்சிப் பூவைப் பற்றியும் ஒரு சொல். 12 ஆண்டுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாறுப் பகுதியில் 2018-இல் பூத்தது. அடுத்த பருவம் 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் வருகிறவரும் அதைக் கேட்கத் தவறுவதில்லை. இந்த வாரம் இல்லையென்றால் அடுத்த வாரம் பூக்குமா என்று கேட்டவர்களும் இருக்கக்கூடும்.

மலைநாடருக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய காலத்தில் ஆங்கிலேயத் துரைமார் போடி வழியாகவே மூணாற்று மலைகளுக்கு ஏறினர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908-இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டு, 1924 வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடி சேர்ந்தன. துரைமாருக்கும் போடி ஒரு வழித்தங்கல்தான். ஆனால் அவர்கள் ஏறினால் ஆண்டுக்கணக்கில் இறங்கவில்லை. இன்று அவர்களுடைய நாடுகளிலிருந்து வருவோருள், மதுரையிலிருந்து மூணாற்றுக்கு மிதிவண்டியில் ஏறும் சிலரைப் போடிச் சாலையில் காணலாம். வளைவுக்கு வளைவு மூச்சு வாங்க நிற்கவேண்டியிருப்பதால் வேறு வழியின்றி நிதானமாகப் பார்க்கிறார்கள்: இலவம்பஞ்சு மூட்டையை, மாந்தோப்பை, களத்தில் காயும் மிளகை. கடைவாசலில் சிறுவர்கள் பெயர் கேட்டால் சொல்லிவிட்டு, திரும்ப அவர்கள் பெயரைக் கேட்டு, சொன்னதைத் தப்பும் தவறுமாக உச்சரித்து, எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு மிதிக்கிறார்கள். வார இறுதியை உண்மையில் ஓய்வாகக் கழிப்பவர்கள் இவர்களே என்று கூறத் தோன்றுகிறது. இத்தனைக்கும் இச்சாலையில் தம் கால்வலியால் ஏறுபவர்களும் இவர்கள்தான்.

ஞாயிறு மாலை மலைநாடர் போடிக் கடைவீதியில் நூறு கிராம் ஏலக்காய் வாங்குவார். 8 மில்லிமீட்டர் தரம் கேட்டு, விலை கேட்டு, பின்வாங்கி, சிறிய காயை எடுத்து, இது போன வருடத்துச் சரக்கா என்று எதிர்க்கேள்வியும் போட்டு, பத்து ரூபாய் குறைத்த வெற்றியோடு வண்டியேறுவார். திங்கள் காலை அலுவலகத்தில் அவர் தூங்கிவழிவதாகவே அறியப்படுகிறது.

அடுத்த வெள்ளி வண்டியில் புறப்படவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெட்டுச் சாலையின் வளைவுகளில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். மாலையானால் தோட்டத்துப் பெண்களின் ஜீப்புகள் அவ்வழியேதான் இறங்கும். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்து உலை வைக்கவேண்டும்.