திண்டுக்கல் ஸ்மித்துகளும் சின்னாளபட்டி வெப்ஸ்டர்களும்

கே: இங்கிலாந்தில் எந்தக் குடும்பப் பெயர் அதிகம்? (வேடசந்தூர் வாசகர்)

ப: ஸ்மித்.

கே: அதெப்படி ஊருக்கு ஊர் ஸ்மித்? (சின்னாளபட்டி வாசகி)

ப: ஸ்மித் என்றால் கொல்லர். ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் பட்டறை ஜான், ரொட்டி ஜான் என்றுதானே கூப்பிட முடியும்? 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு பிரபுக்கள் வீடுகளில் பரவிய குடும்பப் பெயர் வழக்கம், சில நூற்றாண்டுகளில் குடியானவர் வரைக்கும் இறங்கியது. பிள்ளை சுத்தியலைத் தொடாவிட்டாலும் பெயர் தங்கிவிட்டது. உலை இல்லாத ஊர் கிடையாது. ஆகவே ஸ்மித் இல்லாத ஊரும் கிடையாது.

அந்தக் கணக்கை நம்ம மாவட்டத்துக்குக் கொண்டுவந்தால் கொண்டாட்டம்தான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைச் செய்பவர்கள் அத்தனை பேரும் ஸ்மித். சின்னாளபட்டித் தறிக்காரர்கள் வெப், வெப்பர், வெப்ஸ்டர், மூன்றும் நெசவாளர்தான். தோல் ஷாப்காரர் டேனர். சிறுமலைத் தோட்டக்காரர் கார்ட்னர். பிரியாணி மாஸ்டர் குக்.

முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலையைச் சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். அந்தக் கைக்காரர் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் டையர். 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரலுக்கும் இதே சாயக்காரப் பெயர்தான். அதைச் சின்னாளபட்டியில் யாரும் வாசலில் எழுத மாட்டார்கள், எழுதவும் வேண்டாம்.

கே: குடும்பப் பெயரே இல்லாத வெள்ளைக்காரர் உண்டா? (ஆத்தூர் வாசகர்)

ப: ஐஸ்லாந்தில் பெரும்பாலோர். அப்பா பெயரே போதும் என்பவர்கள். நம்ம கட்சி!

கே: காந்திகிராமத்தில் குடும்பப் பெயருக்கு இடமுண்டா? (அம்பாத்துரை மாணவி)

ப: ஊர்ப் பெயரே குடும்பப் பெயர்தான். குஜராத்தில் காந்தி என்பது மளிகை, வாசனைச் சரக்கு விற்றவர்களின் பெயர். 1947-இல் அந்தப் பெயரில் இங்கே பணியைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாவுக்கோ டி.எஸ். என்ற இரண்டெழுத்து போதுமாயிருந்தது. டி. என்றால் திருக்குறுங்குடி, எஸ். என்றால் அப்பா சுந்தரம் ஐயங்கார். அந்த அப்பாவின் டி.வி.எஸ். எழுத்துகள் பஸ்ஸில் ஏறி நாடெல்லாம் ஓடின. சாதியைச் சொல்லாமல் ஊரையும் தகப்பனையும் சொல்லிவிடும் இனிஷியலைவிடச் சிக்கனமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று இந்தப் பகுதி எத்தனை முறை வேண்டுமானாலும் வாதாடும்.

கே: பென்னிகுயிக் என்ற இங்கிலீஷ்காரப் பெயர் தேனிப் பக்கம் எப்படி வந்தது? (நிலக்கோட்டை விவசாயி)

ப: இங்கிலீஷ் அல்ல, ஸ்காட்லாந்துப் பெயர். எடின்பரோவுக்குத் தெற்கே பெனிக்குயிக் என்றே ஓர் ஊர் இருக்கிறது. பிரிட்டனிலேயே அபூர்வமான பெயர் இது. 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்த ஜான் பென்னிகுயிக், மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்பினார். அணை 1895-இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து வந்த தண்ணீர் வைகையில் கலந்து, உங்கள் நிலக்கோட்டைக்குப் பக்கத்துப் பேரணையில் வாய்க்கால் ஏறி மதுரைச் சீமை வயல்களுக்குப் போகிறது.

அந்தத் தண்ணீரில் நெல் விளைந்த குடும்பங்கள் பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தன. அவர் பிறந்தநாளில் பொங்கலும் வைக்கின்றன. ஒருத்தர் குடும்பத்தின் பெயர் இங்கே பிள்ளையின் சொந்தப் பெயராகி, முன்னால் தமிழ் அப்பாவின் இனிஷியலும் ஏறிவிட்டது. ரத்த உறவு ஒரு சொட்டும் கிடையாது. நன்றிக்கு அது தேவையும் இல்லை.

கே: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாமா? துபாய் போக வேண்டும். (வத்தலக்குண்டு வாசகர்)

ப: விடாமல் இருப்பதே நல்லது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். விண்ணப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதிவிட்டால் விமான நிலையத்தில் வாக்குவாதம் மிச்சம். கவுண்டரில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், எழுந்து போகவும்.