காஞ்சி மாநகர்ப் பூனைகளின் ஊணும் ஒழுக்கமும்: ஒரு பன்முக ஆய்வு

பூனை என்பது நான்கு காலும் ஒரு வாலும் உடைய வீட்டு விலங்கு. சான்றில்லாமல் எதையும் சொல்லக்கூடாது என்பது ஆய்வு நெறி ஆகையால் நேரில் எண்ணியே பார்த்துவிட்டேன் (கள ஆய்வு, அடுக்களை வாசல், பால் காய்ச்சும் நேரம்).

ஆய்வின் நோக்கம்: பட்டம். எல்லை: சின்ன காஞ்சிபுரம் முதல் பிள்ளையார்பாளையம் வரை, ஓட்டுக்கூரைகள் உட்பட. கருதுகோள்: பூனை சொன்ன பேச்சைக் கேட்காது. முடிவும் அதுவே. கருதுகோளும் முடிவும் ஒன்றாக இருப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பல்கலைக்கழகங்களில் அப்படி அமையாத ஆய்வேடுதான் அபூர்வம்.

இனி முன்னோர் ஆய்வு. தொல்காப்பியர் மரபியலில் வெருகு என்னும் பூனையின் இளமைப் பெயர் குட்டி என்றும், பறழ் என்றாலும் குற்றமில்லை என்றும் விதித்தார். அந்தக் குட்டி சோற்றைத் தொட மறுத்தால் என்ன செய்வது என்று விதிக்கவில்லை. உரையாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருக்கலாம். அவர்களும் சூத்திரத்துக்கு உரை வைத்தார்கள். பூனைக்கு ஒரு கிண்ணம் வைக்கவில்லை.

கம்பர், இராமகதை பாடப் புகுந்த தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் போன பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். இந்த அடக்கத்தை மேடைதோறும் மணிக்கணக்கில் வியக்கிறார்கள். பூனையின் வயிற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்கு, பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகும். ஒரு கிண்ணம் பசும்பாலே வயிற்றோட்டத்துக்குப் போதும். பாற்கடலில் வாய் வைத்த பூனை ஆரணிய காண்டத்தைத் தாண்டியிருக்காது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அருகே எலிகள். அந்தப் பாறையில் தவம் செய்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். பூனை எதற்காக நிற்கிறது என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஐயமில்லை: சாப்பாட்டுக்கு. 2019இல் மாவட்டம் பிரிந்து அந்தப் பூனை செங்கல்பட்டுக்குப் போய்விட்டதால், எல்லை மீறிய மேற்கோள் என்று புறத்தேர்வாளர் ஆட்சேபிக்கக்கூடும். அவர் வேறு எதையும் படித்திருக்கமாட்டார் என்பதால் இந்த ஆட்சேபணையை வரவேற்கிறேன்.

மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் நேரே நம் ஊருக்கு வருகிறது. காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, பௌத்த பிட்சுதான் திருடினார் என்று அவரோடு சாத்திர வாதம் செய்கிறான். ஓட்டில் சுட்ட இறைச்சி இருந்ததால் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். ஆக, காஞ்சியில் சோறு காணாமல் போனால் விலங்கை விட்டுவிட்டு மாற்றுக் கட்சித் தத்துவவாதியைச் சந்தேகிப்பது பல்லவர் கால மரபு. இன்றும் நெத்திலி காணாமல் போன வீட்டில் முதல் விசாரணை மருமகளிடம்தான் நடக்கிறது.

உணவியலுக்கு வருவோம். “பூனைதானே, போட்டதைத் தின்னும்” என்பது வழக்கிலுள்ள கொள்கை (எதிர்வீட்டு மாமி, வாய்மொழி, திண்ணைப் பதிப்பு). போட்டது என்பது தயிர்சாதம். பூனை அதை முகர்ந்து பார்த்து, மூடுவதற்கு மண் தேடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடம்பு புலால் உண்டே வாழ அமைந்தது. டாரின் என்னும் சத்தைத் தேவையான அளவுக்கு அதனால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்தே பெறவேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். தளர்ந்த இதயம் டாரின் கொடுத்தால் தேறும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1987இல் கண்டார்கள். இனிப்பை உணரும் மரபணு பூனையில் பழுதாகிக் கிடக்கிறது என்பது 2005இல் வெளிவந்தது. ஆகவே சர்க்கரைப் பொங்கலை அது தொடாததற்கு நாத்திகம் காரணம் ஆகாது.

வரதராஜர் கோயில் குடலை இட்லி குறித்துத் தனிச் சோதனை நடந்தது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் அந்த இட்லியில் ஒரு துண்டு வைத்தேன். நெய்ப் பளபளப்பு தெரிந்த பக்கத்தை மட்டும் நக்கியது. நாக்கில் ஒட்டிய மிளகைத் தலையை உதறித் துப்பியது. பிறகு என்னைப் பார்த்தது. “இந்தச் செல்லத்துக்கு நாக்கு நீளம்” (மேற்படி மாமி, இரண்டாம் திருத்திய பதிப்பு, முதற்பதிப்பில் ‘சனியன்’ என்றிருந்த இடம் இதில் ‘செல்லம்’ எனப் பாடபேதம் பெறுகிறது. இடையில் மாமி காபி குடித்ததே காரணம் என்பர் ஒரு சாரார், காபி இடைச்செருகல் என்பர் மறுசாரார்).

பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடுவது ஆபத்து. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே, அதிலும் கொழுத்த பூனைக்கு, கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். பழைய உணவில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றவேண்டும். மீன் நுழையாத வீடு என்றால் கடையில் விற்கும் பூனை உணவைக் கொல்லைப்புறத்தில் வைக்கலாம். ஆசாரமும் பிழைக்கும், பூனையும் பிழைக்கும்.

ஒழுக்கவியலில் இந்த ஊருக்குத் தனி உரிமை உண்டு. சரணாகதியில் ஜீவன் தானும் முயல வேண்டுமா என்ற கேள்விக்கு வைணவத்தின் இரு கலைகளில் வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டினார்கள். அது தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். அது சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். முன்னதை மர்க்கட நியாயம் என்பார்கள், பின்னதை மார்ஜார நியாயம். வடகலையார் கொண்டாடும் வேதாந்த தேசிகர் 1268இல் அவதரித்த தூப்புல் இந்தக் காஞ்சியில்தான் இருக்கிறது. வரதராஜர் சந்நிதியில் யார் பாடுவது என்று தலைமுறைகளாக நீதிமன்றப் படியேறும் ஊர் இது. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று வழக்காடிய கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கும் ஊரும் இதுதான். இவ்வளவு நடந்தும் பூனை எந்தக் கலை என்று பூனையிடம் கேட்டவர் இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இவ்வியல்.

விடியற்காலையில் பூனை சுத்தத் தென்கலை. தான் ஒரு முயற்சியும் செய்யாது. வீட்டுக்காரரே தாய், அவரே கவ்விக்கொண்டு வந்து ஊட்டவேண்டும் என்று தலைமாட்டில் உட்கார்ந்து ஓலமிடும். அந்தியும் சந்தியும் வேட்டை நேரம் என்பது அதன் உடலில் எழுதியிருக்கிறது. ஓலத்துக்கு இரங்கி எழுந்து சோறு வைத்தவர் மறுநாள் இன்னும் முன்னதாக எழுப்பப்படுவார். இரவு படுக்குமுன் நன்றாக ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, கடைசிக் கவளத்தை அப்போது வைப்பதே பரிகாரம்.

அதே பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகக் கூடையை எடுங்கள். அந்த நொடியில் கலை மாறிவிடும். திரைச்சீலையை, கதவு நிலையை, உங்கள் தோளை, பதினெட்டு நகத்தாலும் பற்றிக்கொள்ளும். எந்தக் குரங்குக்குட்டியும் இப்படிப் பற்றியதில்லை. ஆகச் சோற்றுக்குத் தென்கலை, ஊசிக்கு வடகலை. இவ்வுண்மையைப் பழைய சுவடி ஒன்றும் உறுதி செய்கிறது (பரணில் கிடைத்தது, முதலேடும் இறுதியேடும் இல்லை, இடையேட்டைப் பூனை கிழித்துவிட்டது, எஞ்சிய துண்டில் ‘மியா’ வரை தெளிவு, ‘வ்’ செல்லரித்தது. எழுத்தமைதி கொண்டு இது பிற்காலப் பல்லவர் காலத்தது அல்லது சென்ற வாரத்தது என்று துணியலாம்). இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக் காலம் கணித்தவர்கள் பேராசிரியர்களாக ஓய்வுபெற்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.

மார்ஜார நியாயத்துக்கு மருத்துவம் ஒரு திருத்தம் சொல்கிறது. பிடரியைக் கவ்வினால் துவண்டு கிடப்பது குட்டிப் பருவத்து இயல்பு. வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கினால் அஞ்சும், வலிக்கும், கடிக்கும். தடித்த துண்டில் சுற்றி, அடியில் கை கொடுத்துத் தூக்கவேண்டும்.

நகம் கீறுதல்: கட்டையில் சணல் கயிறு சுற்றி வைத்தால் திண்ணைத் தூண் தப்பும். கடுவன் சுவரில் மூத்திரம் பீச்சுதல்: கருத்தடை. குறுக்கே போதல்: இது மனிதனின் ஒழுக்கப் பிரச்சினை.

பல்லி பற்றி ஒரு சொல். வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் தொட்டு வணங்க வரிசை நிற்கிறது. பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் தலை முதல் கால் வரை உண்டு. பல்லியைப் பூனை தின்ற பலன் மட்டும் இல்லை. அதை நான் சேர்க்கிறேன்: பல்லி வழியாக ஒருவகைப் புழு பூனையின் பித்தக் குழாயில் குடியேறும், வாந்தி, மஞ்சள் காமாலை.

கடைசியாகத் தறி. குழித்தறியின் ஓரத்தில் உட்கார்ந்த பூனையைக் கவனியுங்கள். கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று. உடலுக்கொன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. எது ஓடினாலும் அதன் தலை கூடவே ஓடும், வால்நுனி மட்டும் துடிக்கும். தறிக்காரர் சாப்பிட எழுந்ததும் அது இறங்கும். அறுந்த பட்டிழையும், பட்டு நூலில் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசிய ஜரிகைத் துணுக்கும் தரையில் கிடக்கும். ‘காஞ்சிவரம்’ படத்தில் நெசவாளி மகளின் சேலைக்காகப் பட்டிழையை வாயில் ஒளித்துக்கொண்டு வருவார். பூனைக்கு அப்படி ஒரு நோக்கமும் கிடையாது, விளையாட்டுதான். ஆனால் அதன் நாக்கு முள்ளெல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன இழையைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் உள்ளே இழுக்கும். ஓர் இழை இழுபட்டால் சேலை முழுவதும் கொசுவிக்கொள்வதுபோல் குடல் சுருங்கி மடியும். இழை கத்தியாக அறுக்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி.

இந்த இடத்துக்கு மேற்கோள் இல்லை. மாமியும் மௌனம்.

தறியை விட்டு எழும்போது கழிவு இழையைப் பொறுக்கி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பூனை வாந்தி எடுத்து, சோறு மறுத்து, மூலையில் ஒடுங்கினால் வாயைத் திறந்து பாருங்கள். வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேர்வாளர்கள் இந்த ஆய்வேட்டில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம். இந்தப் பத்தியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.