அல்ஜீரியாவுக்கு ஏன் டிக்கெட்?

வைட்டிலா ஹப்பில் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறேன். சுற்றிலும் அத்தனை கூட்டம், ஆனாலும் நான் மட்டும் அந்நியன். காம்யூவின் நாயகன் ஆகிவிட்டேனா?
(வாசகர், வைட்டிலா, கொச்சி)

கேரளத்தில் நின்றுகொண்டு காம்யூவின் அல்ஜீரியாவுக்கு ஏன் டிக்கெட் கேட்கிறீர்கள்? பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு ஓ.வி. விஜயனின் ரவி இருக்கிறான். 'கசாக்கின் இதிகாசம்' (1969) அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதில் தொடங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் முடிகிறது. இடையில் ஓர் ஓராசிரியர் பள்ளி, ஊரையே வாரிக்கொண்டு போகும் அம்மை, சிற்றன்னையோடு நேர்ந்த உறவின் குற்ற உணர்வு. தாயின் சாவுக்கு அழாத மெர்சோவை, அதாவது உங்கள் காம்யூ நாயகனை, நீதிமன்றம் விசாரித்தது. ரவிக்குச் சம்மன் அனுப்ப யாருமில்லை, தண்டனையையும் அவனே எழுதிக்கொண்டான். இருவரில் ரவியின் பாரம்தான் பெரிது என்பேன். யூமா வாசுகியின் தமிழாக்கத்துக்கு சாகித்திய அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்திருக்கிறது. நாளைக்கே பையில் வைத்துக்கொள்ளுங்கள், பஸ் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் குற்ற உணர்வே இல்லாதவன்தான் நிம்மதியாக இருப்பானா?

ஜி. நாகராஜனின் கந்தனைக் கேட்டீர்களா? 'நாளை மற்றுமொரு நாளே' (1974) நாவலில் எதற்கும் வருந்தாதவன்போல் திரிகிறான். ஆனால் தனக்குப் பிறகு மனைவி மீனாவுக்கு யார் என்ற கவலை அவனை விடுவதில்லை.