பழைய வண்டிப் பெருந்தகைக்கு ஒரு வாழ்த்துமடல்

செகண்ட் ஹேண்ட் க்ரூஸர் விற்கும் பெருந்தகையே, உங்கள் புகழை இந்த ஊர் இன்னும் முழுதாகப் பாடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பையன், கொஞ்சம் சேமிப்பும் கொஞ்சம் கடனுமாக உங்கள் வாசலுக்கு வருகிறான். அவன் ஆசை பெரிதல்ல. நீளமான வண்டி, நிமிர்ந்து உட்காரும் சீட், காலை முன்னே நீட்டி வைக்க ஃபுட்ரெஸ்ட். அதோடு மாதப் பெட்ரோல் செலவு சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். “அண்ணே, எவ்வளவு கொடுக்கும்?” என்று கேட்கிறான். “நாப்பது கொடுக்கும் தம்பி, கண்ண மூடிட்டு எடுத்துக்கோ” என்கிறீர்கள். நகைக்கடைக்காரர்கூட உரசிக் காட்டித்தான் விற்கிறார். வாங்க வந்தவனின் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் கருணை உங்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் ஆற்றலை அளக்க வரலாறு வேண்டும். திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது முதல் 350 சி.சி. என்ஜினோடு எத்தனையோ பொறியாளர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 2002-ல் தண்டர்பேர்டு க்ரூஸர் வந்தபோது, குறைந்த பெட்ரோலில் எரியட்டும் என்று ‘லீன் பர்ன்’ என்ஜின் வைத்துப் பார்த்தார்கள். அடுத்து வந்த என்ஜினில் இரண்டு ஸ்பார்க் ப்ளக் வைத்தார்கள். 2020-ல் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் கார்புரேட்டருக்கு விடை கொடுத்து இன்ஜெக்‌ஷனுக்கு மாறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மீட்டியார் 350-க்காக என்ஜினையே புதிதாக வரைந்து கொண்டுவந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், நன்றாகப் பராமரித்த 350 வண்டி நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 30 முதல் 35 கிலோமீட்டர்தான் தருகிறது. வண்டியின் எடை 190 கிலோவை ஒட்டி. அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பால் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறவர் ஒருவர். மணிக்கு 60-ல் போகும்போது எதிர்க்கும் காற்று, 90-ல் இரண்டேகால் மடங்கு பலமாகப் பிடித்து இழுக்கும். இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் வென்று நாற்பது கொடுக்க வைத்தவர் நீங்கள். ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டியவர்கள் உங்கள் ஷெட்டுக்கு வந்து பாடம் கேட்டிருக்கலாம்.

வயதைக் குறைப்பதிலும் உங்களுக்கு இணை கிடையாது. பத்து வருஷத்து வண்டி, மீட்டரில் 14,000. கேபிளில் ஓடும் பழைய மீட்டராக இருந்தால், முன்சக்கர ஹப்பின் ஓரத்தில் அந்தக் கேபிளைப் பூட்டும் நட்டு இருக்கும். குனிந்து பார்த்தால் அதன் விளிம்பில் பிளையர் கடித்த தடம் தெரியும். சுற்றிலும் பத்து வருஷத்து அழுக்கு, நட்டில் மட்டும் புதுக் கீறலின் வெள்ளை. பிரேக் பெடல் ரப்பரில் வரிகளே இருக்காது, வழவழவென்று தேய்ந்திருக்கும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் செருப்பு பட்டுப் பட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பின்பக்க ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரே திசையில் கொக்கியாக வளைந்திருக்கும். வண்டியின் உறுப்பெல்லாம் அரை லட்சத்துக்கு மேல் ஓடியதாகச் சாட்சி சொல்ல, மீட்டர் மட்டும் உங்கள் பேச்சை மீறாமல் 14,000-லேயே நிற்கிறது. இப்படி ஒரு விசுவாசத்தைச் சம்பாதித்தவரை என்ன சொல்லிப் புகழ்வது? பிஸ்டன் ரிங் எப்போது மாற்ற வேண்டும், கிளட்ச் பிளேட் இன்னும் எத்தனை நாள் தாங்கும், கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பையன் கணக்குப் போடுவது அந்த ஒரு எண்ணை நம்பித்தான். அவன் கணக்கு நோட்டை அவனுக்கு முன்பே நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

விருந்தோம்பலுக்கு வருகிறேன். பையன் கிளம்பிவிட்டதாகப் போன் வந்ததும் என்ஜினை ஸ்டார்ட் செய்து பதமாகச் சூடேற்றி வைக்கிறீர்கள். அவன் வந்து பட்டனை அழுத்தினால் முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்கிறது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த என்ஜினைக் காலையில் கிளப்பினால் வால்வு சீல் தேய்ந்த வண்டி நீலப் புகை விடும். கார்புரேட்டர் சரியில்லாத வண்டி சோக் போட்டும் இருமும். அந்தச் சங்கடம் விருந்தாளிக்கு எதற்கு என்று நினைக்கும் மனசு உங்களுக்கு. ரிங் தேய்ந்தால் அழுத்தம் கசியும். பெட்ரோலின் பலம் பிஸ்டனைத் தள்ளாமல் பக்கவாட்டில் போய்விடும். மைலேஜ் போகும் முதல் வழி அதுதான். சைலென்ஸர் பக்கம் கையைக் கொண்டுபோகிறவனுக்கு, ஏற்கெனவே கிளப்பி வைத்த வண்டி என்று சூட்டிலேயே தெரிந்துவிடும். நீங்கள் அதற்குள் டீ கொடுத்துவிடுகிறீர்கள்.

சைலென்ஸர் என்றதும் உங்கள் இசைத் தொண்டு நினைவுக்கு வருகிறது. கம்பெனி சைலென்ஸரைக் கழற்றிவிட்டு, தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்து அழும்படியான ஒன்றைப் பொருத்தி, அதற்குத் தனியாக விலையும் சேர்க்கிறீர்கள். வண்டியை இப்படி மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பழைய சைலென்ஸரோடு கழன்று போகிறது. காற்று போகும் வழி மாறியதால் பெட்ரோல் கலவை தடுமாறும். அதைச் சரிக்கட்ட மெக்கானிக் கார்புரேட்டரில் பெரிய ஜெட் போடுவார். பெரிய ஜெட் என்றால் கூடுதல் பெட்ரோல். ஆக, தெருவே கேட்கும் அந்தச் சத்தத்துக்கு வாடகையாகப் பையன் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருப்பான். கலைக்கு இவ்வளவு நீண்ட காலப் புரவலரை வேறு யார் பிடித்துத் தருவார்?

உங்கள் கைவண்ணம் டயரிலும் தெரிகிறது. பின்னால் அளவுக்கு மீறி அகலமான டயர், பார்ப்பதற்குக் கம்பீரம். அது தரையோடு உரசும் உராய்வைத் தினம் தினம் என்ஜின்தான் சுமக்க வேண்டும். முன் டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரில் பிஸ்டன் இறுகி, பேடு எப்போதும் டிஸ்க்கைத் தொட்டபடி இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ஒரு சுற்றில் நின்றுவிடும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டியில் பாதுகாப்பு அதிகம் என்று நீங்கள் கருதியிருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை மலைக்க வைப்பது உங்கள் கடைசி வித்தை. விவரம் தெரிந்த ஆள், “ஒரு லிட்டர் போட்டு ஓட்டிப் பார்த்துட்டு வாங்குறேன்” என்று சொன்னால் நீங்கள் அசருவதில்லை. விற்பதற்குச் சில நாள் முன்பே ஜெட்டைச் சிறிதாக்கி, கலவையில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பீர்கள். அன்றைக்கு மைலேஜ் கூடித்தான் தெரியும். பெட்ரோல் போதாத என்ஜின் கொதிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு வெந்துபோகும். செலவு என்ஜின் ஹெட்டில் போய் நிற்கும். ப்ளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருப்பது தெரியும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் கூட, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் எரிகிறது, இளம் பழுப்பாக இருந்தால் என்ஜின் சுகம். இவ்வளவையும் அந்த விரற்கடை அளவு ப்ளக் சொல்லிவிடும் என்பதால்தான், ப்ளக் ஸ்பேனர் இல்லாத கடை நடத்துகிறீர்கள்.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் நின்று, மாலை சூட்டி நெய் பூசி மின்னிய ஆயுதங்களைப் பாராட்டினார். அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் சொன்னார். உங்கள் ஷெட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது அந்தக் காட்சிதான் தோன்றுகிறது. குரோமில் முகம் தெரிகிறது, டேங்க்கில் புதுப் பெயின்ட், டயர்களில் பாலிஷ் ஈரம் காயவில்லை. நாலு தெரு தள்ளி, யாரோ ஒரு அரசு ஊழியர் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. டேங்க்கில் கீறல், கிரிப் ரப்பர் வெளிறியிருக்கிறது, சீட்டில் தையல். சீட்டுக்கு அடியில் பாலிதீன் கவரில் சர்வீஸ் பில்கள்: ஆயில் மாற்றியது எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர், ஏர் ஃபில்டர் எப்போது, செயின் செட் எப்போது. மீட்டரில் 62,000 என்று உள்ளதை உள்ளபடி காட்டும் அந்த வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரின் கண்ணை இப்படிப் பழக்கிவைத்த பெருமையில் பெரும்பங்கு உங்களுக்கே.

தாராளத்துக்கும் குறைவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கும் ஆள் தேதி போடாமல் கையெழுத்திட்ட 29, 30 ஆம் எண் படிவங்களை அப்படியே கையில் கொடுத்து, “எப்ப வேணா மாத்திக்கோ” என்கிறீர்கள். ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்ததற்கான 35 ஆம் எண் படிவம் இருக்கிறதா என்று கேட்பவரைச் சந்தேகப்பிராணி ஆக்கிவிடுகிறீர்கள். வண்டி மூன்று கை மாறினாலும், விபத்து நடந்தால் போலீஸ் கதவைத் தட்டப்போவது எப்போதோ விற்றுவிட்ட முதல் ஆளின் வீட்டில். அவருக்கும் வண்டிக்கும் உள்ள உறவை அறுபடாமல் காப்பாற்றுகிறீர்கள்.

வாங்கிய பையன் ஒரு மாதம் கழித்து வந்து, “அண்ணே, இருபத்தாறுதான் வருது” என்கிறான். “எல்லாம் இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் தம்பி” என்று ஆறுதல் சொல்கிறீர்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது மெய். நூற்றுக்கு இருபது கலந்தால் ஆறேழு சதவீதம் போகும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கவனிக்க வேண்டியதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்குப்படி 35 கொடுத்த வண்டி 33-க்கு வரும். நாற்பது இருபத்தாறு ஆகாது. நடுவில் காணாமல் போன கிலோமீட்டர்களை எத்தனாலின் தலையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்து நிற்கும் உங்கள் மனவலிமை பெரிது. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு நாற்பது என்றால் 250 லிட்டர், இருபத்தாறு என்றால் 385 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 13,500 ரூபாய். அவன் அம்மாவுக்கு அனுப்ப நினைத்த பணம் அதில் இருக்கிறது, தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் இவ்வளவு பெரிய தொகையை வசூலிக்கும் திறமை வரி போடும் அரசுக்குக்கூட இல்லை.

உங்களைப் பாராட்டிவிட்டு வாங்குகிறவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது. அவர்களுடைய நம்பிக்கைதான் உங்கள் முதல். ஹெல்மெட் நிறம் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பத்துக் கடை ஏறி இறங்கும் பொறுமைசாலிகள், ஏர் ஃபில்டர் மூடியின் ஸ்குரூவைக் கழற்ற நேரமில்லாத கர்மவீரர்கள். மைலேஜ் முக்கியம் என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு, சைலென்ஸர் சத்தத்தைக் கேட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். இந்த இளகிய மனசு இருக்கும்வரை உங்கள் ஷெட்டில் கூட்டம் குறையாது.

இவ்வளவு பெருமைக்கும் நாங்கள் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. காலையில், நீங்கள் தொடாத, ஆறிய என்ஜினை நாங்களே ஸ்டார்ட் செய்கிறோம். எங்கள் மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்க்கட்டும், முன்சக்கரத்தைச் சுழற்றட்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்க் விளிம்புவரை பெட்ரோல் நிரப்பி, ஜி.பி.எஸ். கணக்கில் நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே அளவுக்கு மறுபடி நிரப்புகிறோம். பெட்ரோல் எங்கள் செலவு. கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் ஒரு எண் வரும். அது நாற்பது என்றால் நீங்கள் கேட்ட விலையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டோம். முப்பத்துமூன்று என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையான முப்பத்துமூன்றுக்கு நல்ல விலை கொடுக்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது.