காருகுறிச்சியாரை ஊரே கேட்ட காலம்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் கரிசல் ஊர்களில் கல்யாணமோ கோயில் கொடையோ என்றால், விடியுமுன்னே ரேடியோ செட்காரர் வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிடுவார். முதலில் சுழல்வது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டு. அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்து கோவில்பட்டிக்காரராகவே ஆகிவிட்டவர். 1964-ல், நாற்பதைச் சற்றே கடந்த வயதில் காலமானார். குழாய் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ வந்தால், பருத்தி எடுக்கிறவர்களும் நிமிர்ந்து நிற்பார்கள். “அண்ணாச்சி, இன்னொருக்கா போடுங்க” என்று பிள்ளைகள் நச்சரிப்போம். அவரும் ஊசியை மாற்றிவிட்டு மறுபடி போடுவார்.

78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அருணாசலத்தின் குருநாதர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையோ தோடியை மணிக்கணக்கில் விரித்தவர். அந்தப் பரம்பரை மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தின் உயிரை வைத்ததே, அதை நான் பெருங்கலை என்பேன். மேல்நாட்டிலும் இதே நெருக்கடிதான்: 1913-ல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திப் பதிந்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பல தட்டுகளாகத் துண்டுபோட வேண்டியிருந்தது. நிகிஷ் கையில் கோல் இருந்தது. நாகஸ்வரக்காரருக்கு இரண்டு கையும் வாத்தியத்தில். கண்ணசைவில்தான் தவிலைக் கூப்பிட வேண்டும். அந்தக் கண்ணைத் தட்டில் பார்க்க முடியாது. ஆனால் மூச்சு நின்ற இடத்தில் தவில் வந்து விழும்போது, அது காதில் கேட்கும்.

இன்று அருணாசலத்தின் முழுக் கச்சேரிகள் என் செல்போனிலேயே இருக்கின்றன. நேரக் கட்டுப்பாடு இல்லை, கீறல் இல்லை. காதில் செருகிக்கொண்டு தனியாகக் கேட்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ராகம் என்றே தெரியாது. கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. சிலையைத் தெரிந்த பிள்ளைகளுக்கு வாசிப்பும் தெரிய வேண்டும்.

பழைய செட்காரர்கள் வீட்டுப் பரணில் இன்னும் தட்டுகள் கிடக்கும். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும், அடுக்கிப் படுக்கவைத்தால் கீறல் விழும். உறையிட்டு நிறுத்திவைத்தால் பிழைக்கும். அவற்றைச் சேகரித்து, மாதம் ஒரு சாயங்காலமாவது பள்ளிக்கூடத் திண்ணையில் எல்லோரும் கேட்கப் போட வேண்டும். தட்டு வைத்திருப்பவர்கள் கொடுத்தால், சுமந்து வர நான் தயார்.