இன்னும் மீன் விடல

‘உப்புத்தண்ணிக்காரர்’ என்று பெயர் வாங்கிவிட்டவர் வீட்டு சோபா டி.வி. பக்கம் பார்ப்பதை நிறுத்திப் பல நாளாகிறது. எதிர்ச் சுவரோரம் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி. உள்ளே தண்ணீர், மேலே நீல விளக்கு, அடியில் நாலைந்து கல். வந்தவர் குனிந்து தேடுவார், நிமிர்ந்து தேடுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்லின் பின்னால் எட்டிப் பார்ப்பார். இரண்டு நிமிஷம் நன்றாகத் தேடவிட்ட பிறகுதான் உப்புத்தண்ணிக்காரர் வாயைத் திறப்பார்.

“இன்னும் மீன் விடல சார்.”

கப்பி, கோல்டு ஃபிஷ் எல்லாம் குழந்தைகள் சமாச்சாரம் என்பது அவர் கட்சி. வளர்த்தால் கடல் மீன்தான். அதிலும் பெரிய மீன்தான். நீச்சல் தெரியாதவன் நேராக நடுக்கடலில் குதிப்பதுபோல, முதல் தொட்டியே 680 லிட்டர். கண்ணாடி 12 மில்லிமீட்டர் தடிமன். தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும் பாரம் இரண்டாவது மாடியில் நிற்கிறது. முதல் மாடிக்காரர் தினமும் சாப்பிடும்போது ஒருமுறை மேலே பார்த்துக்கொள்கிறார்.

மீன் ஏன் விடவில்லை என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் காபி ஆறிவிடும். “இட்லி மாவு அரைச்ச உடனே ஊத்துவீங்களா? புளிக்கணும் இல்ல? அதே கதைதான்” என்று ஆரம்பிப்பார். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு பாக்டீரியா வேண்டும். இவை இரண்டும் கல்லிலும் பில்டரிலும் குடியேறிப் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சொல்வதெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதுதான் தொல்லை. நடுவில் மடக்க வழியில்லை.

அந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட, பழைய நைலான் சாக்ஸில் ஒரு பச்சை இறாலைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார். மூன்று தலைமுறையாக முட்டைகூட வாசல் தாண்டாத வீடு. அவர் மனைவி மூன்று நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹாலைக் கடந்தார். நாலாம் நாள், “ஏங்க, மீன் இல்லாத தொட்டியில மீன் நாத்தம் எப்படிங்க வருது?” என்று கேட்டார். இத்தனை வருஷமாக அவர் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது இது. பதில் வரவில்லை.

இறால் அழுக ஆரம்பித்ததும் சோதனைக் குழாய்கள் வெளியே வந்தன. ஒரு சிறு குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் எண்ணி எண்ணிச் சொட்டு மருந்து, மூடிக் குலுக்கி ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏறினால் இருக்கிறது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே இளம் எலுமிச்சங்காய் நிறம் ஒன்று உண்டு. உப்புத்தண்ணிக்காரரின் வாழ்க்கை அந்த நிறத்தில்தான் மாட்டிக்கொண்டது. தன் கண்ணை நம்பாமல் எல்லாரிடமும் காட்டுவார். பால்காரர் பச்சை என்றார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன், “ரெண்டும் இல்ல சார், ஒரு மாதிரி இருக்கு” என்றான். அவனுக்குப் பத்து ரூபாய் அதிகம் கிடைத்தது.

மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் இது நின்றபாடில்லை. பஜ்ஜி தட்டோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் குழாயையும் வண்ண அட்டையையும் நீட்டினார். “சம்பந்தி, உங்களுக்கு இது மஞ்சளா படுதா, பச்சையா படுதா?” அந்த மனிதர் பல்லில் பஜ்ஜியோடு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “பச்சை” என்றார். முகம் சுருங்கிவிட்டது நம்மவருக்கு. ஜாதகம் பொருந்தியது, கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்தப் ‘பச்சை’யை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. சம்பந்திக்கு நிறக்குருடு இருக்கலாம் என்று நெருங்கியவர்களிடம் சொல்லிவருகிறார்.

குழாய் அலுத்தால் உப்பளவு பார்க்கும் கருவி. ஒரு சாண் நீளக் குழல். நுனியில் சாய்ந்த கண்ணாடி. அதன்மேல் ஒரே ஒரு சொட்டு விட்டு, மேல்தகட்டை மூடி, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு டியூப்லைட்டைப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். கோடு 1.025-இல் நிற்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பாட்டிவரை அந்த வீட்டில் எல்லாரும் டியூப்லைட்டைப் பார்த்துக் கண்ணடித்தவர்கள்தான்.

உப்பு, வாளியில் வரும் தனிச் சரக்கு. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கடலில் உள்ள அளவில் கலந்தது. முதல் தடவை தொட்டி நிரப்ப 24 கிலோ பிடித்தது. “நம்ம தூத்துக்குடி உப்புக்கு என்னடா கேடு?” என்று அவர் அம்மா கேட்டார். எதிர்வீட்டுக்காரர், கடல் ஒரு பஸ் தூரத்தில்தானே இருக்கிறது என்றார். கூவமும் அடையாறும் எங்கே போய்ச் சேருகின்றன என்று அவருக்கு அரைமணி நேரம் விளக்கம் கிடைத்தது.

இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். மறுவருஷம் இயற்கை ஆய்வாளர் பிலிப் காஸ் இது பற்றி ஒரு புத்தகமே எழுத, இங்கிலாந்துக் கடற்கரைக்குப் போனவர்கள் எல்லாம் பாறைக்குட்டைகளைச் சுரண்டி ஜாடியில் அடைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா செய்த வேலையால் கடற்கரையே மொட்டையாகிவிட்டதென்று காஸின் மகன் பிற்பாடு வருந்தி எழுதினார். இங்கே அந்த அளவுக்குப் போக முடியாது; பவளத்தை 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்குள்ள அதே பாதுகாப்பு. இது தெரிந்த பிறகு நம்மவர் நாலு நாள் பேசவில்லை.

ஏழாவது வாரம் குழாய் மஞ்சளானது. கொளத்தூர் மீன் கடைக்குப் போய், வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த களவாக் குஞ்சு ஒன்று வாங்கி வந்தார். மூன்று அங்குலம். கூடவே ஒரு கிளாத்தி, துணைக்கு நாலு பொடி மீன்கள். பொடி மீன்கள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. எதுவும் செத்து மிதக்கவில்லை. களவா மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டிருந்தது. கிளாத்தி கற்களை இழுத்துப்போட்டு ஹீட்டர் ஒயரைக் கடித்ததில் கடைக்கே திரும்பிப் போயிற்று. அந்தக் களவா 70 சென்டிமீட்டர் வரை வளரும் சாதி. ஹாங்காங்கில் ஓட்டல் தொட்டியில் உயிரோடு வைத்து, கேட்டவருக்கு ஆவியில் வேகவைத்துத் தருகிறார்கள். கடைக்காரர் சொன்னது ஒரே வார்த்தை: “வளரும் சார்.”

இதுவரை சிரிக்கலாம். அவர் திருப்பதி போகும்போதுதான் சிரிப்பு நிற்கும். சாவியோடு நாலு பக்கம் எழுதிய தாளும் பக்கத்து வீட்டுக்கு வரும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகையால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணி ஊற்றக் கூடாது. இந்த வரிக்கு மூன்று அடிக்கோடு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் போனால் பேட்டரி பம்பு, அதுவும் போனால் போன். ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போய்விட்டு வந்த ஒரு நாள், போன் அவரிடமிருந்தே வந்தது. மலைமேல் இருந்துகொண்டு, “கொஞ்சம் எந்திரிச்சுப் போய்ப் பார்க்கிறீங்களா சார்?” என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2019 ஜூனைப் பொறுக்க முடியவில்லை. சென்னையின் ஏரிகளான பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை. தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. அந்த மாதமும் இவர் வாரம் தவறாமல் 135 லிட்டர் மாற்றினார். ஒன்பது வாளி. அதுவும் ஆர்.ஓ. தண்ணீர், ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் குழாய்வழி ஓடிவிடும். வாளி தூக்கியவர் அவர் மனைவி. முழங்கால் வலிக்காரர். அந்த மாதம் மாடிப்படியில் யாரும் உப்புத்தண்ணிக்காரரோடு பேசவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம் தெரியும். தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு அவர் இடுக்கியில் ஒரு கணவாய்த் துண்டை எடுப்பார். வீட்டில் இப்போது ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் கணவாய் இருக்கிறது. களவா கல்லுக்குப் பின்னாலிருந்து வந்து, கண்ணாடியோரம் நின்று, துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு அவரைப் பார்க்கும். மனைவி போனால் வராது. “டேய், மெதுவா, மெதுவாடா” என்பார். ரிட்டயர் ஆன பிறகு அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு தணிந்து ஒலிப்பது அப்போது மட்டும்தான். காபி ஆறிப்போனவர்கள்கூட இதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

மீன் இப்போது முக்கால் முழம். ஆறடித் தொட்டியில் திரும்புவதற்குச் சிரமப்படுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி கொளத்தூர் போய் எட்டடித் தொட்டிக்கு விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார். முதல் மாடிக்காரருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.