வரி கட்ட வக்கில்லாத மந்திரிகள்

உத்தரப் பிரதேசத்தில் 1981ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். முதலமைச்சரும் அமைச்சர்களும் வாங்குகிற சம்பளத்துக்கு உரிய வருமான வரியை அரசுக் கருவூலமே கட்டிவிடும். பாவம், மந்திரிகளில் பெரும்பாலோர் ஏழைகள், சொற்ப வருமானக்காரர்கள் என்று காரணம் சொன்னார் அன்றைய முதல்வர் வி.பி. சிங். அவர் மாண்டா ராஜ குடும்பத்தின் வாரிசு. ஏழ்மையின் கொடுமையை அரண்மனைக்காரரைவிட நன்றாக யார் எடுத்துச் சொல்ல முடியும்?

அந்த ஏழ்மை லேசில் தீரவில்லை. ஏறத்தாழ நாற்பது வருடம் நீடித்தது. முலாயம் சிங் ஏழை. கல்யாண் சிங் ஏழை. ராஜ்நாத் சிங் ஏழை. அகிலேஷ் ஏழை. ஆதித்யநாத்தும் ஏழைதான்; துறவி என்பதால் அவரை மட்டும் வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். மாயாவதி 2012இல் மாநிலங்களவைக்கு வேட்புமனு போட்டபோது காட்டிய சொத்து மதிப்பு 111 கோடி ரூபாய். நான்கு முறை முதல்வராக இருந்த அந்த 111 கோடி ஏழையும் இதே சட்டத்தின் நிழலில்தான் இருந்தார். 1997இல் மைக்கைப் பிடுங்கி ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்ட சட்டசபை அந்த மாநிலத்துடையது. எதற்கெடுத்தாலும் அடித்துக்கொண்டவர்கள், ஆட்சி எத்தனை முறை மாறியபோதும் இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஒற்றுமையாகக் கட்டிக் காத்தார்கள். 2019 செப்டம்பரில் பத்திரிகையில் செய்தி வந்து மானம் போன பிறகுதான், இனி அவரவர் வரியை அவரவரே கட்டுவோம் என்று அறிவித்தது அரசு. அதற்கு முந்தைய நிதியாண்டுக்கு மட்டும் கருவூலம் கட்டிய தொகை சுமார் 86 லட்சம்.

இதில் ஒரு பைசாகூடத் திருட்டு இல்லை. எல்லாம் சட்டப்படி. பிக்பாக்கெட்காரனுக்கு இல்லாத வசதி இது. அவனால் சபையைக் கூட்டித் தன் தொழிலுக்கு ஒரு மசோதா நிறைவேற்றிக்கொள்ள முடியாது.

இனி ஜலோனுக்கு வருவோம். 2022 ஜூலை 16. அதே உத்தரப் பிரதேசத்தில் புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசம் கொடுத்து ஓட்டு வாங்கும் ‘ரேவ்டி’ கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். ரேவ்டி என்றால் எள்ளு மிட்டாய். நல்ல பேச்சு, கைதட்டலும் கிடைத்தது. அன்றைய தேதியில், அவருடைய கட்சி ஆண்ட பக்கத்து மாநிலமான மத்தியப் பிரதேசத்தில், அமைச்சர்களின் வருமான வரியை மக்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது 1972 முதல் நடந்துவந்த ஏற்பாடு. 2024 ஜூனில்தான் நிறுத்தினார்கள். அந்த மிட்டாய் எந்தப் பேச்சிலும் வரவில்லை.

பேச்சு முடிந்த இரண்டாம் நாள், ஜூலை 18 அன்று, பாக்கெட்டில் அடைத்த அரிசிக்கும் தயிருக்கும் மோருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. பென்சில் சீவும் ஷார்ப்னருக்கு 12 சதவீதம் இருந்ததை 18 ஆக்கினார்கள். கட்டட வேலை முடிந்து வரும் சித்தாள், மளிகைக் கடையில் சில்லறையை எண்ணிக் கொடுத்து ஒரு தயிர் பாக்கெட் வாங்குகிறாள். அந்த நொடியே வரியும் கட்டியாகிவிட்டது. அவளுக்கு ஆடிட்டர் கிடையாது, கழிவு கிடையாது, மொரீஷியஸில் கம்பெனி கிடையாது. ஆனால் ரேஷன் அரிசி வாங்க அவள் வரிசையில் நின்றால் மட்டும், ‘எங்கள் வரிப்பணத்தில் ஓசிச் சோறு’ என்று சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. அவளும் வரி கட்டுகிறவள் என்பது அந்த நூறு பேரின் புத்திக்கு எட்டுவதே இல்லை.

2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். கருவூலத்துக்கு ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் நஷ்டம் என்பது அரசே போட்ட கணக்கு. அதற்கு யாரும் எள்ளு மிட்டாய் என்று பெயர் வைக்கவில்லை. பொருளாதார ஊக்கம் என்றார்கள், பங்குச்சந்தை துள்ளியது. இந்தக் குறைந்த வரியைத் தேர்ந்தெடுக்காத கம்பெனி கட்சிக்கு நன்கொடை கொடுத்தால், கொடுத்த தொகை முழுவதற்கும் கழிவு உண்டு. வாங்குகிற கட்சிக்கும் வரி இல்லை. அநாதை இல்லத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பாதித் தொகைக்குத்தான் கழிவு. அநாதைகளுக்கு எம்.பி. யாரும் இல்லையே.

வாரிசு வரி கதைதான் எல்லாவற்றுக்கும் சிகரம். பெரிய சொத்துகளுக்கு 85 சதவீதம்வரை போன எஸ்டேட் டூட்டி என்ற வரி 1953 முதல் இந்தியாவில் இருந்தது. ராஜீவ் காந்தி ஆட்சியில், 1985இல், ரத்து செய்தார்கள். ரத்து செய்த நிதியமைச்சர் யார்? அதே வி.பி. சிங். ஏழை மந்திரிக்குப் பிறகு அவர் கண்ணில் பட்டது ஏழை வாரிசு.

2024 ஏப்ரலில், தேர்தல் சூட்டில், அமெரிக்காவில் இப்படி ஒரு வரி இருக்கிறது, நாமும் விவாதிக்கலாமே என்று வாய்விட்டார் காங்கிரஸ்காரரான சாம் பிட்ரோடா. அது அவருடைய சொந்தக் கருத்து என்று காங்கிரஸ் கையைக் கழுவிக்கொண்டது. மறுநாள் மத்தியப் பிரதேசத்தின் மொரேனாவில் பேசிய பிரதமரோ, தாய் இந்திராவின் சொத்து அரசுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் ராஜீவ் அந்த வரியை ஒழித்தார் என்று குற்றம் சாட்டினார். ஒழித்தது அவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்றால் திரும்பக் கொண்டுவர வேண்டியதுதானே? அதுவும் கூடாதாம், கொண்டுவந்தால் கொள்ளையாம். போகட்டும், தேதியையாவது பார்த்தார்களா? இந்திரா இறந்தது 1984 அக்டோபர் 31. ரத்து பொருந்தியது 1985 மார்ச் 16 முதல் இறந்தவர்களின் சொத்துக்குத்தான். காலண்டரைப் புரட்ட யாருக்கு நேரம்? கோடீஸ்வர வீட்டுப் பிள்ளைகள் பயந்துவிடப் போகிறார்களே என்று, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முந்திக்கொண்டு அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தன.